டி-யில் போட்டும் வண்டி நகரவில்லையா? கியர்பாக்ஸைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

காரைக்குடிப் பக்கம் ஆட்டோமேட்டிக் கார் இப்போது நிறைய ஓடுகிறது. ஊரில் இருப்பவர்கள் வைத்திருப்பது ஒரு பக்கம், கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஓட்டிக்கொண்டு வருவது இன்னொரு பக்கம். வெளிநாட்டிலிருந்து வந்தால் ஓட்டுவதற்கென்றே பெரிய வீட்டு ஷெட்டில் பூட்டி வைத்திருக்கும் வண்டிகளும் உண்டு. இதில் எது திடீரென்று நின்றாலும் சுற்றி நிற்பவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது "கியர்பாக்ஸ் போச்சு" என்பதுதான். அதைக் கேட்டதும் வண்டிக்காரர் பாதி உயிராகிவிடுவார். ஊருக்குப் புதியவர் என்றால் கேட்கிற பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகவும் தயாராகிவிடுவார்.

நான் பார்த்தவரை, திடீரென்று நின்ற ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பழுது கியர்பாக்ஸுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதுதான் அதிகம். இறங்கிப்போன பேட்டரி, பிரேக் சுவிட்ச், ஒரு ஃபியூஸ், கழன்ற கேபிள், எலி கடித்த ஒயர், குறைந்துபோன ஆயில், இவ்வளவுதான் விஷயமாக இருக்கும். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. உள்ளே பழுது ஆரம்பித்த பிறகு "மெதுவா ஓட்டிப் போயிடலாம்" என்று மதுரை வரைக்கும் ஓட்டினால், சின்ன வேலையில் முடிந்திருக்க வேண்டியது முழு கியர்பாக்ஸ் செலவில் போய் நிற்கும். இரண்டையும் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வண்டியில் எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். வண்டி வகை பற்றிய அடுத்த பத்தியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில், உங்கள் வண்டி எந்த வகை

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு விதமான கியர்பாக்ஸ் இருக்கிறது. ஒன்றுக்குச் சரியான வைத்தியம் இன்னொன்றுக்குக் கெடுதல். லீவரில் பி (பார்க்) என்ற இடமே இல்லாமல் ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்), எம் (மேனுவல்) என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஏஎம்டி. சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் உங்களுக்குப் பதிலாக ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. நம் ஊரில் 2014-ல் மாருதி செலெரியோ வந்த பிறகு பரவியது இதுதான். பி இருந்தால் டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, டிசிடி மூன்றில் ஒன்று. டார்க் கன்வெர்ட்டர் முழுக்க ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. சிவிடி இரண்டு புல்லிக்கு நடுவே எஃகு பெல்ட் ஓடுவது, அதில் கியர் மாறும் உணர்வே இருக்காது. டிசிடியில் இரண்டு கிளட்ச். எது என்று தெரியவில்லை என்றால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் பாருங்கள், ஆயில் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

இன்னொன்று. எந்தச் சோதனை செய்தாலும் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லையும் வைத்துவிட்டுச் செய்யுங்கள். "நகரவில்லை" என்று சொன்ன வண்டி, பானெட்டைத் திறந்து முன்னால் நிற்கும்போது திடீரென்று கியர் பிடித்து நகர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

லீவர் பி-யை விட்டு வரவே மாட்டேன் என்கிறது

பயப்பட வேண்டாம், இது கியர்பாக்ஸ் பழுது இல்லவே இல்லை என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம். பிரேக்கை மிதித்தால்தான் லீவரின் பூட்டு திறக்கும். பிரேக்கை மிதித்த செய்தி பூட்டுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லிவிட்டுப் பிரேக்கை மிதியுங்கள். தனியாக இருந்தால் வண்டியின் பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்போது மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள், சுவரில் சிவப்பு விழுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். விளக்கு எரியவில்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கிறது, இல்லையென்றால் பெடலுக்கு மேலே இருக்கிற பிரேக் சுவிட்ச் போயிருக்கிறது. இரண்டுமே சில நிமிட வேலை.

மிதிக்காமலே விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் கதை வேறு. டிரைவர் பக்கத்து மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். பச்சையோ நீலமோ கறுப்போ, பொடிப்பொடியாக உடைந்த ரப்பர் துணுக்குகள் கிடக்கலாம். பிரேக் பெடல் தண்டில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டையை அடைத்தபடி ஒரு சின்ன ரப்பர் பொத்தான், அந்தப் பொத்தான்தான் சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும். நம் ஊர் வெயிலில் பல வருடம் காய்ந்தால் அது பொரிந்து உதிர்ந்துவிடும். உதிர்ந்ததும் சுவிட்சின் முனை ஓட்டை வழியாக வெளியே நீட்டிக்கொள்ளும், பிரேக் விளக்கு ராத்திரி முழுக்க எரியும், காலையில் பேட்டரி செத்திருக்கும், பேட்டரி செத்தால் லீவர் பூட்டும் திறக்காது. வந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஆட்டோமேட்டிக் மொத்தமும் போன மாதிரிதான் தெரியும். அந்தப் பொத்தான் கிடைக்கும்வரை அதே ஓட்டையில் ஒரு சின்ன போல்ட்டும் வாஷரும் நட்டும் போட்டு இறுக்கினால் வண்டி ஓடும்.

அவசரத்துக்கு லீவரை எடுக்க வேண்டும் என்றால், லீவர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதன் கீழே ஒரு துளை. அதில் சாவி முனையையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டு அழுத்திக்கொண்டு என்-க்கு இழுக்கலாம். எங்கே என்று புத்தகத்தில் படம் இருக்கும். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

சரிவில் ஹேண்ட்பிரேக் போடாமல் பி மட்டும் போட்டு நிறுத்தியிருந்தாலும் லீவர் இறுகிக்கொள்ளும். வண்டியின் மொத்த எடையும் உள்ளே ஒரு சின்ன இரும்புப் பல்லில் தொங்கும், அதனால்தான். ஆள் வைத்து வண்டியைக் கொஞ்சம் மேட்டுப் பக்கம் தள்ளினால் 'டொக்' என்று விடும். இனிமேல் முதலில் பிரேக், பிறகு ஹேண்ட்பிரேக், கடைசியில் பி.

ஸ்டார்ட்டே ஆகவில்லை, டேஷ்போர்டில் விளக்கு மட்டும் எரிகிறது

லீவரை என்-இல் வைத்துத் திரும்ப முயலுங்கள். என்-இல் ஸ்டார்ட் ஆகி பி-யில் ஆகவில்லை என்றால் கியர்பாக்ஸ் மேல் இருக்கிற நிலை உணர்த்தும் சுவிட்ச் நகர்ந்திருக்கிறது அல்லது அழுக்காகியிருக்கிறது. இரண்டிலும் ஆகவில்லை என்றால் முதலில் மேலே சொன்ன பிரேக் விளக்கு, அப்புறம் பேட்டரி. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: ஆட்டோமேட்டிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. ஏஎம்டியும் அப்படித்தான். தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு மூச்சு வாங்கத் தள்ளவைக்க வேண்டாம், ஜம்ப் கேபிள் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டி

செட்டிநாட்டுக்கே உரிய பழுது என்று இதைத்தான் சொல்வேன். வருடத்தில் பாதி நாள் பூட்டியிருக்கும் வீடு, கண்டனூரோ பள்ளத்தூரோ கானாடுகாத்தானோ, ஷெட்டில் ஒரு கார். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் தினமும் தண்ணீர் விட்டுத் துடைத்து வைத்திருப்பார், ஆனால் ஸ்டார்ட் செய்திருக்க மாட்டார். விசேஷத்துக்கு வந்தவர்கள் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் கிறிஸ்துமஸ் விளக்கு மாதிரி எல்லாம் மின்னும், கியர் காட்டும் இடத்தில் எழுத்துக்குப் பதிலாக ஒரு கோடு வரும், டி போட்டால் என் மின்னிக்கொண்டே இருக்கும்.

மல்டிமீட்டரை எடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே என்றால் பாதி காலி. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, சார்ஜ் போட்டுப் பயனில்லை. என்ஜின் ஓடும்போது 13.5-லிருந்து 14.5 வரை வர வேண்டும், வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். என்ஜினைச் சுற்றவைக்கப் போதுமான மின்சாரம் இருந்தும், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கும் ஆக்சுவேட்டருக்கும் தேவையான வோல்ட் இல்லாமல் போவது ஏஎம்டியில் சர்வ சாதாரணம். வேறு எதையும் தொடும் முன் பேட்டரியைச் சரி செய்துவிட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் உள்ள ஏஎம்டியில் காதாலேயே ஒரு சோதனை செய்யலாம். டிரைவர் கதவைத் திறந்ததும் முன்பக்கத்திலிருந்து 'ர்ர்ர்' என்று ஒன்றிரண்டு நொடி ஒரு மோட்டார் ஓடும், ஆயிலை அழுத்தத்துக்குக் கொண்டுவரும் பம்ப் அது. அந்தச் சத்தம் வரவே இல்லை என்றால் பம்பின் ஃபியூஸ், ரிலே, ஒயர். நின்றுகொண்டிருக்கும்போதே அடிக்கடி ஓடி ஓடி நிற்கிறது என்றால் அழுத்தம் எங்கோ கசிகிறது. ஆக்சுவேட்டருக்கென்று தனியாக ஒரு சின்ன ஆயில் டப்பா இருக்கும், அதன் அளவையும் பாருங்கள். அது கியர் ஆயில் இல்லை, வேறு.

அப்புறம் எலி. நெல் மூட்டை இருக்கிற வீடு, பக்கத்தில் தோட்டம் என்றால் எலியும் அணிலும் பானெட்டுக்குள் குடித்தனம் வைக்காமல் இருக்காது. டார்ச் அடித்து கியர்பாக்ஸ் மேலே போகிற ஒயர் கட்டைப் பாருங்கள். கடித்த இடத்தில் செம்பு பளிச்சென்று தெரியும், பக்கத்தில் புழுக்கை, தேங்காய் நார், காய்ந்த இலை கிடக்கும். அறுந்தது ஒரு சென்சார் ஒயர் என்றால் போதும், மொத்த கியர்பாக்ஸும் வேலை நிறுத்தம் செய்துவிடும். ஒயரைச் சேர்த்துச் சால்டர் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூட வேண்டும். வெறும் டேப் சுற்றினால் அடுத்த மழைக்குள் பச்சை பூத்துப் பழையபடி நிற்கும்.

என்ஜின் ஓடுகிறது, டி போட்டால் நகரவில்லை

இங்கேதான் அதிகம் பேர் அவசரப்பட்டு ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை பி-யிலிருந்து டி வரை மெதுவாக நகர்த்துங்கள், கண் டேஷ்போர்டில் இருக்கட்டும். லீவர் டி-யில் இருக்கிறது, டேஷ்போர்டு இன்னமும் பி என்றோ என் என்றோ காட்டுகிறது, லீவர் வழக்கத்தைவிடத் தொளதொளவென்று லேசாக வருகிறது என்றால் லீவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற கேபிள் கழன்றுவிட்டது. கேபிள் முனையில் ஒரு பிளாஸ்டிக் புஷ் இருக்கும், அது சூட்டில் நொறுங்குவதுதான் காரணம். கியர்பாக்ஸுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தெரிந்த மெக்கானிக் என்றால் நின்ற இடத்திலேயே கேபிளை மாட்டிக் கட்டிக் கொடுத்துவிடுவார், புஷ்ஷைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

டேஷ்போர்டு சரியாக டி காட்டுகிறது, கியர் விழும்போது வண்டி லேசாக அசைகிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கீழே 'கட கட'வென்று சத்தம், வண்டி மட்டும் நகரவில்லை. ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். நின்ற வண்டியில் முள் 10, 20 என்று ஏறினால் கியர்பாக்ஸ் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, அது கொடுக்கும் சுழற்சி சக்கரத்துக்குப் போகவில்லை. டிரைவ் ஷாஃப்ட் உடைந்திருக்கிறது அல்லது உருவிக்கொண்டு வந்திருக்கிறது. சில வண்டிகளில் முள் சக்கரத்து சென்சாரைப் பார்த்து ஓடும், அதில் இது தெரியாது, குனிந்து முன் சக்கரத்துக்குப் போகும் தண்டைப் பாருங்கள். இன்னொரு அடையாளம், பி போட்டும் வண்டி சரிவில் உருளும்.

ஏஎம்டியில் ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி நகரவில்லை, எரிந்த நாற்றம் அடிக்கிறது என்றால் கிளட்ச் பிளேட் முடிந்தது. அது கிளட்ச் வேலை, கியர்பாக்ஸ் வேலை இல்லை, யாராவது கியர்பாக்ஸ் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய வீடுகள் தெருவைவிட நல்ல உயரத்தில் இருக்கும், ஷெட்டுக்கு ஏறச் செங்குத்தாகச் சாய்தளம் போட்டிருப்பார்கள். அதில் ஏஎம்டி வண்டியை அங்குலம் அங்குலமாக ரிவர்ஸில் ஏற்றினால், பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரால் பிடித்து நிறுத்தினால், கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்ந்துகொண்டே இருக்கும். ஏறினால் ஒரே மூச்சில் ஏறுங்கள், நிறுத்தினால் பிரேக்கில் நிறுத்துங்கள்.

இவை எதுவும் இல்லை, டார்க் கன்வெர்ட்டர் அல்லது சிவிடி வண்டி, டி-யிலும் ஆர்-இலும் எந்த அசைவும் இல்லை என்றால் ஆயில் பக்கம் போக வேண்டியதுதான். என்ஜினை நிறுத்திவிடுங்கள். மறுபடி மறுபடி ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்க்காதீர்கள், அழுத்தம் இல்லாத கியர்பாக்ஸில் ஒவ்வொரு முயற்சியும் உள்ளே கிளட்ச் தகட்டை எரிக்கிறது.

ஆயிலைப் பார்ப்பது

முதலில் வண்டிக்குக் கீழே. ராத்திரி நின்ற இடத்தில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். முன் சக்கரங்களுக்கு நடுவே எண்ணெய்ச் சொட்டு விழுந்தால் கியர்பாக்ஸ் ஆயிலா, என்ஜின் ஆயிலா என்று பாருங்கள். பெரும்பாலான டார்க் கன்வெர்ட்டர் ஆயில் புதிதில் சிவப்பு. சிவிடி ஆயில் பச்சையாகவோ தேன் நிறத்திலோ இருக்கலாம், அதனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். செம்மண் ரோட்டில் கல் தூக்கி அடித்து ஆயில் பான் அடிபட்டிருந்தால் அந்த இடம் மட்டும் ஈரமாக இருக்கும், சுற்றிலும் காய்ந்த புழுதி ஒட்டியிருக்கும். கூலருக்குப் போகும் குழாய் இணைப்புகளையும் தொட்டுப் பாருங்கள்.

டிப் ஸ்டிக் இருக்கும் வண்டி என்றால் அதிர்ஷ்டம். சமதளத்தில் நிறுத்தி, கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, பிரேக்கை மிதித்தபடி எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை லீவரைக் கொண்டுபோய் பி-க்கு வந்து, என்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டா மாதிரி சில கம்பெனிகள் என்ஜினை நிறுத்தியதும் பார்க்கச் சொல்லும், புத்தகத்தில் உள்ளபடி செய்யுங்கள். இப்போது வரும் பெரும்பாலான வண்டிகளில் டிப் ஸ்டிக் இல்லை. லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனரில் ஆயில் சூட்டைப் பார்த்துக்கொண்டே அளவுப் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். அது பட்டறை வேலை, ரோட்டோரத்தில் திறந்துவிடாதீர்கள்.

ஒரு சொட்டு ஆயிலை வெள்ளை வேட்டித் துணியில் விட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாகச் சிவப்பாகப் பரவினால் நல்லது. பழுப்பாக இருந்தால் வயதாகிவிட்டது, மாற்றலாம். கறுப்பாக, எரிந்த நாற்றத்தோடு இருந்தால் உள்ளே கிளட்ச் தகடு எரிந்திருக்கிறது. விரலில் தேய்த்தால் நெருநெருவென்று மினுங்கும் துகள் தட்டுப்பட்டால் இரும்பு தேய்கிறது, இது உள் வேலைதான். ரோஸ் மில்க் நிறத்தில் கலங்கலாக இருந்தால் தண்ணீரோ கூலன்டோ கலந்துவிட்டது. கியர்பாக்ஸ் ஆயிலை ரேடியேட்டருக்குள்ளேயே குளிர்விக்கும் வண்டிகளில் உள் சுவர் ஓட்டையானால் இப்படி ஆகும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஊருணி நிரம்பி ரோட்டில் தேங்கிய தண்ணீரில் இறக்கி ஏற்றினாலும் ஆகும். அந்த நிறத்தைப் பார்த்தபின் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. கிளட்ச் தகட்டை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் பிரித்துவிடும்.

ஆயில் குறைந்திருந்தால் ஊற்றலாம், ஆனால் எந்த ஆயில்? இங்கேதான் பெரிய நாசம் நடக்கிறது. டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ், ஹூண்டாய்க்கு எஸ்பி4, ஹோண்டா சிவிடிக்கு எச்சிஎஃப்2, நிசான் சிவிடிக்கு என்எஸ்3 என்று வண்டிக்கு வண்டி மாறும். "எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆயில்தான்" என்று கடைக்காரர் ஒரு சிவப்பு ஆயிலை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். சிவிடியில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் ஊற்றினால் பெல்ட் புல்லியில் வழுக்கி இரண்டையும் கீறிவிடும். சரியான ஆயில் ஊரில் கிடைக்கவில்லை என்றால் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரவழையுங்கள், பஸ்ஸில் போட்டுவிட்டால் வந்துவிடும். காத்திருக்கும் அந்த ஒரு நாள் வண்டி நிற்கட்டும்.

ஆர்பிஎம் எகிறுகிறது, வேகம் ஏறவில்லை

திருமயம் ரோட்டில் லாரியை முந்த அழுத்துகிறீர்கள், என்ஜின் அலறுகிறது, வண்டி அப்படியே போகிறது. இதற்கு ஸ்லிப் என்று பெயர், இந்தப் பட்டியலில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். ஆயில் குறைவாக இருந்தால் ஆயில் ஊற்றி, கசிவை அடைத்ததோடு முடியும். ஸ்லிப் ஆகிற வண்டியை இன்னும் அம்பது கிலோமீட்டர் ஓட்டினால் தகடு எரிந்து, எரிந்த தூள் ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வு பாடிக்குள் போய், மின்சாரத்தில் திறந்து மூடும் சாலினாய்டை அடைத்து, டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் போய்ச் சேரும். ஒரு பொருளில் முடிந்திருக்க வேண்டியது எல்லாவற்றையும் இழுத்துவிடும். தயவுசெய்து ஓரம் கட்டுங்கள். சாயங்காலம் முகூர்த்தக்கால் ஊன்ற வேண்டும், ஆச்சி காத்திருக்கிறார்கள் என்றாலும் வாடகை வண்டி பிடித்துப் போங்கள்.

(சிவிடி வண்டியில் வேகமாக அழுத்தும்போது ஆர்பிஎம் முதலில் ஏறி, வேகம் பின்னால் வருவது இயல்பு. புதிதாக ஓட்டுபவர்கள் இதை ஸ்லிப் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்பு இல்லாதது இப்போது வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.)

ஒரே கியரில் நிற்கிறது, மேலே மாறவில்லை

கம்ப்யூட்டருக்கு ஏதோ ஒரு சென்சார் சரியில்லை என்று தோன்றினால், உள்ளே எதுவும் கெட்டுவிடக் கூடாதென்று ஒரே கியரில், பல வண்டிகளில் மூன்றில், பூட்டிக்கொள்ளும். இது அதுவே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. கிளம்பும்போது மந்தமாக இருக்கும், 50-க்கு மேலே இரையும்.

ஓரம் கட்டி என்ஜினை நிறுத்தி, பத்து நிமிடம் விட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகிவிட்டால் பக்கத்து ஊர் வரை மெதுவாகப் போகலாம், ஆனால் சரியாகிவிட்டது என்று மறந்துவிடாதீர்கள், அன்றே ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் பற்றி ஒரு விஷயம். பி0700 என்று ஒரு கோட் (பழுதுக் குறியீடு) வரும். அதைக் காட்டி "பாருங்க, டிரான்ஸ்மிஷன் போயிடுச்சுன்னு கம்ப்யூட்டரே சொல்லுது" என்பார்கள். அந்தக் குறியீட்டுக்குப் பொருள் "கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடம் ஒரு புகார் இருக்கிறது, அங்கே போய்க் கேள்" என்பது மட்டும்தான். ஆன்லைனில் வாங்கும் மலிவான புளூடூத் கருவிகள் பல அதோடு நின்றுவிடும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போய்ப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். அங்கே பி0715 என்றால் உள்ளே வரும் சுழற்சியைப் பார்க்கும் சென்சார், பி0720 என்றால் வெளியே போகும் சுழற்சியைப் பார்க்கும் சென்சார். இவை வந்தால் முதலில் ஒயரையும் பிளக்கையும் பாருங்கள், பல வண்டிகளில் கியர்பாக்ஸை இறக்காமலே மாற்றிவிடலாம். பி0750-லிருந்து வருவது ஷிஃப்ட் சாலினாய்டுகள். பி0730 கியர் விகிதம் தவறு என்று சொல்வது, இதில் ஸ்லிப்பைச் சந்தேகிக்க வேண்டும். பி0740 கன்வெர்ட்டரின் லாக்கப், அதாவது சீரான வேகத்தில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் கிளட்ச். பி0218 என்றால் சூடு. அழிக்கும் முன் எல்லாக் குறியீட்டையும் போனில் படம் எடுத்துவையுங்கள். படம் எடுக்காமல் அழிக்க விட்டால் பழுது எப்போது, எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் வந்தது என்ற தடயமும் சேர்ந்து போய்விடும்.

சூடு எச்சரிக்கை வந்து நின்றுவிட்டது

தைப்பூசத்துக்கு முன்னால் பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம் குன்றக்குடி ரோட்டை நிறைத்திருக்கும். பிள்ளையார்பட்டியில் சங்கடஹர சதுர்த்தி அன்றும் அப்படித்தான். காவடிக்கு வழிவிட்டு வண்டி நடையைவிட மெதுவாக ஊர்ந்து போக வேண்டும், போகத்தான் வேண்டும், ஆனால் உலர் கிளட்ச் (ஆயிலில் நனையாத கிளட்ச்) டிசிடிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பாதி பிடித்தபடியே ஊர்ந்து கிளட்ச் கொதிக்கும், எச்சரிக்கை வரும், ஒரு கட்டத்தில் டி பிடிக்கவே பிடிக்காது.

பி-யில் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, நிழலில் நிறுத்துங்கள். எச்சரிக்கை அணையும்வரை பொறுங்கள். ஆயிலில் குளிரும் கியர்பாக்ஸ் என்றால் என்ஜின் ஓடினால்தான் ஆயில் சுற்றிக் குளிரும், அதனால் உடனே நிறுத்திவிடாதீர்கள். பானெட்டிலிருந்து ஆவி வந்தால் மட்டும் அது என்ஜின் சூடு, அப்போது நிறுத்த வேண்டும். ஆறிய பிறகு பழையபடி ஓடினால் கவலை இல்லை. இனிமேல் கூட்டத்தில் முன் வண்டியோடு ஒட்டிக்கொண்டே ஊராமல், நின்று, இரண்டு வண்டி இடம் விட்டு, ஒரே தடவையாக நகருங்கள்.

சத்தம், உதறல், இடி

டி அல்லது ஆர் போடும்போது 'டம்' என்று இடித்தால் என்ஜின் மவுன்ட் ரப்பரை முதலில் பாருங்கள், இல்லையென்றால் ஐடில் ஆர்பிஎம் அதிகமாக இருக்கும். 60, 70 வேகத்தில் சீராகப் போகும்போது வேகத்தடைக் கோடுகள் மேல் ஓடுவதுபோல் ஒரு நடுக்கம் வந்தால் லாக்கப் நடுக்கம், சரியான ஆயிலை மாற்றியதிலேயே பல வண்டிகளில் போய்விடுகிறது. சிவிடியில் வேகத்தோடு சேர்ந்து ஏறும் 'ஊ' என்ற இரைச்சல் பேரிங், இதைத் தள்ளிப்போடாதீர்கள். டி நன்றாக இருந்து ரிவர்ஸ் மட்டும் இல்லை என்றால், கேபிள் சரியாக இருக்கும் பட்சத்தில், பெரும்பாலும் உள் வேலைதான்.

இழுத்துக்கொண்டு போவது

கயிறு கட்டி இழுக்காதீர்கள். டார்க் கன்வெர்ட்டர், சிவிடி இரண்டிலும் ஆயில் பம்பை ஓட்டுவது என்ஜின். என்ஜின் நின்றிருக்கச் சக்கரம் உருண்டால் உள்ளே எல்லாம் ஆயிலில்லாமல் காய்ந்து சுற்றும். நின்றபோது நன்றாக இருந்த கியர்பாக்ஸ், மதுரைக்கோ திருச்சிக்கோ சுமார் 90 கிலோமீட்டர் இழுபட்டுப் போய்ச் சேரும்போது உண்மையிலேயே செத்திருக்கும். நாலு சக்கரமும் மேலே ஏறும் தட்டு வண்டி வேண்டும் என்று போனிலேயே சொல்லுங்கள். அது கிடைக்காமல் முன் சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் வண்டிதான் வந்தது என்றால், முன் சக்கரத்தில் ஓடும் வண்டிக்கு மட்டும் அது சரி. இன்சூரன்ஸ் பேப்பரில் ரோட்டோர உதவி சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள், பல பேர் அதற்கும் பணம் கட்டிவிட்டுத் தெரியாமலே இருக்கிறார்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியது

கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும் என்று சொன்னால் கோபப்படாமல் கேளுங்கள்: "அண்ணே, ஸ்கேன்ல என்ன கோட் வந்துச்சு? ஆயில் எவ்வளவு இருந்துச்சு, என்ன நிறம்? பேட்டரி எத்தனை வோல்ட்?" நல்ல மெக்கானிக் இதற்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார், துணியில் ஆயிலைத் தொட்டுக் காட்டுவார். பதில் வரவில்லை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டால், ஆயில் பானைத் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அடியில் இருக்கும் காந்தத்தில் மைபோல் மெல்லிய கறுப்புப் பூச்சு இருப்பது சாதாரணத் தேய்மானம். ஊசி மாதிரித் துண்டோ பல்லின் சில்லோ ஒட்டியிருந்தால் உள்ளே உடைந்திருக்கிறது, செலவுக்கு அர்த்தம் இருக்கிறது. வேலை முடிந்ததும் கிளட்ச், ஆக்சுவேட்டர், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் இதில் எதை மாற்றியிருந்தாலும் ஸ்கேனர் வைத்துக் கம்ப்யூட்டருக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்கும் வேலையைச் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் புதுப் பொருள் போட்டும் வண்டி உதறும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு அட்டையை மறுபடி கீழே விரித்து, சொட்டு விழுகிறதா என்று காலையில் பாருங்கள். விழுந்தால் அன்றைக்கே கொண்டுபோய் விடுங்கள்.